வாளி யார் கையில்?

வட்டக்கானலில் கடல் இல்லை. கடலின் பேரைச் சொல்ல இங்கே இருப்பது ஒரு பாறை மட்டும்தான். டால்பின் மூக்கு என்று அதற்குப் பேர். அதன் நுனியில் நின்று போட்டோ எடுக்கச் சனங்கள் வருகிறார்கள். அந்தப் பாறைக்குப் போகிற வழியில் ஒரு விடுதியில், போன மழைக்காலத்தில், கடலைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இயற்கை ஆர்வலர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதை உள்ளூர்க்காரர்களுக்குத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். உள்ளூர்க்காரர்கள் என்று வந்தவர்கள் நாலே பேர். அதில் இரண்டு பேர் டீ கொடுக்க வந்த பையன்கள்.

திரையில் எண்ணூரைக் காட்டினார்கள். 2023 டிசம்பரில் எடுத்த படங்கள். முதலில் ஒரு கூழைக்கடா. வெள்ளைச் சிறகு முழுக்கக் கறுப்பாகி, பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. கூட்டம் ‘உச்’ கொட்டியது. அடுத்த படத்தில் ஒரு மனுசன். இடுப்பளவு கறுப்புத் தண்ணிக்குள் நிற்கிறான். கையில் பிளாஸ்டிக் வாளி. கையுறை இல்லை. பேசியவர் சொன்னார்: அரசாங்கத்துக்காகக் காத்திருக்காமல் மக்களே இறங்கிவிட்டார்கள், இதுதான் இயற்கையின் மேல் வைத்த அன்பு. கூட்டம் கை தட்டியது. அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். எனக்கு வாய் வரவில்லை.

மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டேன். அந்த ஆளுக்குக் கையுறை ஏன் இல்லை? அந்த வாளிக்குக் கூலி எவ்வளவு? எண்ணெயைக் கொட்டினவன் கையில் ஏன் வாளி இல்லை? பேசியவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: “தோழர், சுற்றுச்சூழல் எல்லாருக்கும் பொது. இதில் சாதியைக் கொண்டுவராதீர்கள்.”

நான் சாதி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. வாளி என்றுதான் சொன்னேன். அவருக்குச் சாதி என்று கேட்டிருக்கிறது. அப்படியானால் அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா வாளி தூக்கினவர். இந்த மலையில் துரைமார் பங்களாக்களில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. துரைமார் போன பிறகும் அந்தக் கக்கூஸ்கள் போகவில்லை. பங்களாவை வாங்கிய நம்மூர்ப் பணக்காரர்களுக்கும் அது தேவைப்பட்டது. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். விடியுமுன் அதைத் திறந்து, தகர வாளியை இழுத்து, தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்ட வேண்டும். கொடைக்கானல் மழை தெரியும்தானே. வாளி வழிந்து கழுத்தில் இறங்கும். அந்த வேலைக்கென்றே மலையேற்றப்பட்ட சனம் நாங்கள். அப்பத்தா சொல்லும்: “உங்க தாத்தா சாகுற வரைக்கும் வாளித் தண்ணி குடிக்கல. கொடத்துலதான் மொண்டு குடுக்கச் சொல்லுவாரு. கடையில புது வாளி வாங்கியாந்து வச்சாலும் அவருக்கு அந்த நாத்தம்தான் வரும்.”

அப்பா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. சனி ஞாயிறு முடிந்தால் சோலைக்குள் கிடக்கிற பீர் பாட்டிலும் பாலிதீனும் அவர் கணக்கு. நான் தமிழ் எம்.ஏ. படித்தேன். ஆனாலும் ஒரு படத்தில் வாளியைப் பார்த்தால் மற்றவர்களுக்கு அன்பு தெரிகிற இடத்தில் எனக்குத் தாத்தாவின் கழுத்து தெரிகிறது. ஒருத்தன் கழிப்பான், இன்னொருத்தன் அள்ளுவான், அள்ளுகிறவனுக்கு அது பிறப்பிலேயே எழுதியது என்று எல்லாரும் நம்புவார்கள். இந்த ஏற்பாட்டின் கருவிதான் வாளி. இந்த நாட்டில் அது கக்கூஸோடு நிற்கவில்லை. கடல்வரைக்கும் போயிருக்கிறது.

வார்த்தையிலிருந்தே தொடங்கலாம். பத்திரிகைகள் ‘எண்ணெய்க் கசிவு’ என்று எழுதுகின்றன. கசிவது எது? ஓட்டுக்கூரை கசியும். பானை கசியும். கண் கசியும். டன் கணக்கில் எண்ணெய் கடலுக்குள் போவதைக் கசிவு என்று சொல்லும் தமிழ், கொட்டினவன் பக்கம் நிற்கும் தமிழ். அது கொட்டுவது. கொட்டல் என்று சொன்னால்தான் கொட்டினவன் யார் என்ற கேள்வி வரும். கசிவுக்கு ஆள் கிடையாது. கொட்டலுக்கு ஆள் உண்டு.

2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று; பெட்ரோலியப் பொருள்களோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் மற்றொன்று. சுற்றுச்சூழலுக்குச் சேதம் எதுவும் இல்லை என்று துறைமுகம் அறிவித்தது. அப்போதே கனத்த உலை எண்ணெய் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பிறகு ‘கொஞ்சம்’ என்றார்கள். பிறகு வந்த கணக்குகள் நூறு டன்னைத் தாண்டின. எண்ணூரிலிருந்து தெற்கே மெரினா, திருவான்மியூர் வரைக்கும் கரையில் கறுப்பு ஒதுங்கியது. ஆமைகள் முட்டையிட வருகிற மாதம். செத்த ஆமைகளும் ஒதுங்கின.

மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து அய்ந்து நாள்தான் ஆகியிருந்தது. இளைஞர்கள் எர்ணாவூர் கரைக்கு ஓடினார்கள். மாணவர்கள், மீனவர்கள், தீயணைப்பு வீரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் எல்லாரும் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி அவர்களுக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது எங்கே என்பதுதான். கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்பதற்கு இந்தியாவில் 1996 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. கடலோரக் காவல்படை அதற்குப் பொறுப்பு. மிதவைத் தடுப்பு போட்டு எண்ணெயைக் கரைக்கு வராமல் நிறுத்த வேண்டும், மேலே மிதப்பதை எந்திரம் வைத்து வழிக்க வேண்டும். இதெல்லாம் திட்டத்தில் உண்டு. எர்ணாவூரில் வந்து நின்றது என்ன? சாக்கடை உறிஞ்சுகிற லாரிகள். அந்தக் குழாய்களும் தார் மாதிரி இறுகிய எண்ணெயில் அடைத்துக்கொண்டன. 21 வருசத் திட்டம் கடைசியில் பிளாஸ்டிக் வாளியில் வந்து முடிந்தது.

எந்திரம் அடைத்துக்கொண்டால் மனுசனை இறக்கு. பாதாளச் சாக்கடைக்கும் இதே விதிதான். மலத்தைக் கையால் அள்ளுவதைத் தடை செய்து 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். சாக்கடைக் குழியில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் இறங்குகிறார்கள், சாகிறார்கள். கையால் அள்ளலாம் என்ற நினைப்பு ஒரு சமூகத்தின் மூளையில் இருக்கிறவரை அது புதுப்புது இடங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

2017ல் பட்டது போதாதா? 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில், சென்னை பெட்ரோலியம் நிறுவனமான சிபிசிஎல்லின் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து கடலில் எண்ணெய் கலந்தது. குழாயையே எடுத்துவிடுங்கள் என்று மீனவர்கள் போராடினார்கள். அதே வருசம் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. மணலியில் உள்ள அதே நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து, கடலில் பரவியது. எங்கள் குழாயில் உடைப்பு இல்லை என்று நிறுவனம் சொன்னது. ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. எண்ணெய் வழிக்கும் எந்திரங்கள் வந்து சேர நாள் ஆனது. அதற்குள் மீனவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டு, தங்கள் படகிலேயே போய், மக்காலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மீன் பிடித்த அதே படகில், அதே கையால்.

அந்த மாதம் மூன்றாவது வாரம் நான் எண்ணூருக்குப் போனேன். காட்டுக்குப்பம் பக்கம் கழிமுகத்தின் கரையில் அலையாத்திச் செடிகளைப் பார்த்தேன். இடுப்பளவு உயரத்துக்கு எல்லாச் செடியிலும் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு. வெள்ளம் எதுவரை நின்றதோ அதுவரை. கரையில் உட்கார்ந்திருந்த ஒரு இருளர் அம்மாவிடம் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எங்களுக்கு வலை கெடையாது தம்பி. கைதான் வலை. சேத்துக்குள்ள கைய வுட்டுத் தடவிக்கினே போவோம், எறா கையில தட்டும். புடிச்சா பறில போடணும். ரெண்டு கையும் சேத்துல கெடக்குது, பறிய எதுல புடிக்கிறது? வாயிலதான் கடிச்சிக்கினு போவோம். காலைல எறங்குனா மதியம் வரைக்கும் வாயிலதான் பறி. இப்ப அந்தத் தண்ணிதான் மூஞ்சில அடிக்குது. கைய மண்ணெண்ண போட்டுத் தேய்ச்சிக் கழுவிக்கலாம். வாய என்னா போட்டுக் கழுவுறது?”

நிவாரணம் பற்றிக் கேட்டேன். “கணக்கெடுக்க வந்தா போட்டு இருக்கான்னுதானே கேப்பாங்க. எங்கிட்ட என்னா இருக்குது, கைதான்” என்றார்.

இந்த எண்ணெய் என்ன செய்யும் என்று விஞ்ஞானம் சொல்வதை அந்த அம்மாவின் கையையும் வாயையும் வைத்துப் படித்தால்தான் அர்த்தம் புரியும். எண்ணெய் தண்ணீரில் விழுந்ததும் அதன் லேசான பகுதி சில நாளில் ஆவியாகிப் போகும். போகும் என்றால் மூக்குக்குள் போகும். புற்றுநோய் தரும் பென்சீன் அதில் உண்டு. முதல் நாட்களில் வாளியோடு இறங்குகிறவன்தான் அதை அதிகம் குடிக்கிறான். மிச்சமுள்ள கனத்த பகுதியை அலை கடல்நீரோடு சேர்த்துக் கடையும்; களி மாதிரியாகி, கொட்டிய அளவைவிட மூன்று நாலு மடங்கு பெருகும். அதனால்தான் கொட்டினவன் சொல்லும் கணக்கும் கரையில் அள்ளுகிறவன் பார்க்கும் கணக்கும் ஒத்துப்போவதே இல்லை. பிறகு அது மண்ணோடும் குப்பையோடும் சேர்ந்து அடியில் இறங்கும். மேலே தண்ணீர் தெளிந்ததும் ‘சுத்தமாகிவிட்டது’ என்று அறிக்கை வரும். ஆனால் சேற்றுக்குள் காற்று இல்லை. எண்ணெயைத் தின்று கரைக்கும் நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலை ஓடாது. அலாஸ்காவில் 1989ல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய், 20 வருசத்துக்குப் பிறகும் கரைக் கற்களுக்கு அடியில் இருந்தது. அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே நீட்டும் வேர்களால்தான் மூச்சு விடுகிறது. எண்ணெய் பூசினால் அதற்கு மூச்சு முட்டும். சிப்பியும் மட்டியும் தண்ணீரை வடிகட்டித் தின்பவை; நஞ்சு அவற்றின் உடம்பில் சேரும். மீன் முட்டையும் குஞ்சும் கொஞ்சம் எண்ணெய்க்கே தாங்காது.

அதாவது, மேலே படகு ஓட்டுகிறவனுக்குக் கடல் திரும்பிவிட்ட பிறகும், அடியில் சேற்றைத் தடவுகிறவளுக்குத் திரும்பியிருக்காது. யார் எவ்வளவு அடியில் இருக்கிறார்களோ அவர்களுக்கு அவ்வளவு நாள் நஞ்சு. அம்பேத்கர் சொன்ன படிநிலை தண்ணிக்குள்ளும் இருக்கிறது.

இப்போது நிவாரணக் கணக்கைப் பாருங்கள். எண்ணூர் கொட்டலுக்காகத் தமிழக அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய்; 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய்; எண்ணெய் புகுந்த வீடுகளின் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். கூட்டினால் ஏறக்குறைய 8 கோடியே 68 லட்சம். கொடுத்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கின் அலகு எது என்று கேட்கிறேன். படகு ஒரு அலகு. குடும்பம் ஒரு அலகு. கை ஒரு அலகு இல்லை. பறியை வாயில் கடிக்கிறவளும், மீன் வாங்கித் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவளும், வலை பின்னுகிற கிழவனும், அந்த எண்ணெயையே அள்ளி நோய் வாங்கினவனும் தனித்தனி வரியாக அதில் எங்கே? பத்து வருசம் கழித்து அவன் நுரையீரலுக்கு யார் கணக்கு வைப்பார்கள்?

உலகச் சட்டம் இதைவிட நாசூக்கானது. 1967ல் டோரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையில் மோதி ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டிய பிறகுதான் நட்டஈட்டுக்குச் சர்வதேச ஒப்பந்தங்கள் வந்தன. அதில் ஒரு வசதி செய்தார்கள்: கப்பலின் கொள்ளளவை வைத்து முதலாளியின் பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு. நட்டம் எவ்வளவானாலும் அதற்கு மேல் பொதுவாக அவன் தர வேண்டியதில்லை. தோழர்களே, உச்சவரம்பு என்ற வார்த்தை நமக்குத் தெரிந்த வார்த்தை. நில உச்சவரம்புச் சட்டம் வந்து நம் சேரிக்கு எத்தனை ஏக்கர் கிடைத்தது? பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது? பண்ணையாரின் நிலத்துக்கு நிற்காத உச்சவரம்பு, முதலாளியின் பொறுப்புக்கு மட்டும் கல்லில் வெட்டியதுபோல் நிற்கிறது. அது போக, நட்டத்தை நிரூபிக்கச் சொல்வார்கள். ரசீது எங்கே? வருமானக் கணக்கு எங்கே? இறாலைத் தடவிப் பிடித்து அன்றைக்கே விற்று அன்றைக்கே அரிசி வாங்குகிறவளிடம் எந்த ரசீது இருக்கும்?

நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில், ஒகோனி மக்கள் இதைப் பட்டார்கள். மண்ணையும் தண்ணியையும் எண்ணெய் தின்கிறது என்று பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவை 1995 நவம்பரில் தூக்கில் போட்டார்கள். 2008ல் அங்கே போடோ என்ற மீனவ ஊரில் ஷெல் நிறுவனத்தின் குழாய் உடைந்து எண்ணெய் கொட்டியது. அந்த மக்கள் லண்டன் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோனார்கள். 2015 ஜனவரியில் 5 கோடியே 50 லட்சம் பவுண்டு தர ஷெல் ஒப்புக்கொண்டது. போன உயிர் வராது, செத்த சதுப்பும் அந்தப் பணத்தில் முளைக்காது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, கணக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் கடலோரத்து விவகாரம், மலையில் இருக்கிற உனக்கென்ன என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பாதரசம் இருக்கிறது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்து 1980களில் கொடைக்கானலில் கொண்டுவந்து நட்டார்கள். 1987ல் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. ஆலைக்குப் பின்னால் சரிவு பாம்பார் சோலைக்குள் இறங்குகிறது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடப்பதைச் சனங்கள் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவைத் தூத்துக்குடியிலிருந்து அமெரிக்காவுக்கே கப்பலேற்றினார்கள். முன்னாள் தொழிலாளர்களின் நோய்க்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்று நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2016 மார்ச்சில் 591 தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. 15 வருசம். அந்தப் 15 வருசமும் இதே மலைக்கு இயற்கையை ரசிக்க எத்தனை லட்சம் பேர் வந்து போனார்கள்!

பாம்பாறு கீழே கும்பக்கரை அருவியாக விழுகிறது. பெரியகுளம் பக்கம் போய் வைகைக்குச் சேர்கிறது. வைகை போகிற திசை கடல். தாத்தா பள்ளத்தில் கொட்டின வாளியும் இந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும். மலைக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல எங்களால் முடியாது. பங்களாவில் மலம், ஆலையில் பாதரசம், எண்ணூரில் உலை எண்ணெய். பொருள் மாறுகிறது. தொடச் சொல்லப்படுகிறவன் மட்டும் மாறுவதில்லை.

1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் சவதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கரும் நம் சனங்களும் கையால் அள்ளிக் குடித்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள். நல்ல தண்ணீரை நாம் தொட்டால் தீட்டு. நாசமான தண்ணீரை மட்டும் நாம்தான் தொட வேண்டும். இரண்டும் ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள். முதல் பிரிவைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். இரண்டாவது பிரிவைச் ‘சுற்றுச்சூழல் பிரச்சினை’ என்று ஒதுக்கி, அதை மேல்சாதி ஆர்வலர்கள் கையில் விட்டுவிட்டோம். இது நம் இயக்கங்களின் தப்பு. ஆமைக்கும் பறவைக்கும் பேச ஆள் இருக்கிறது, அது தப்பில்லை. ஆனால் கைக்குப் பேச வேண்டியவர்கள் நாம். பேசவில்லை.

மீனவத் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தலித்துகள் இல்லை, உங்களில் பலர் அதைப் பெருமையாகவே சொல்வீர்கள். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. எந்தக் குப்பம் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பங்கில் பட்டினவர்களுக்கு இருக்கிற உரிமை, அதே ஏரியில் பிழைக்கிற தலித்துகளுக்கு இல்லை. கடல் பொது என்று கம்பெனிக்காரனிடம் சொல்கிற வாய், ஏரி பொது என்று நம்மிடம் சொல்ல மறுக்கிறது. அந்த டிசம்பரில் பல நாள் நீங்கள் வாளி தூக்கினீர்கள். எத்தனை தடவை குளித்தும் நாற்றம் போகவில்லை என்று சொன்னீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போனார் என்று ஒருத்தர் என்னிடம் சொல்லி அழுதார். அய்யா, என் தாத்தாவுக்கு அது ஆயுசு முழுக்க நடந்தது. உங்கள் கண்ணீரை நான் கேலி செய்யவில்லை. அந்த நாற்றத்திலிருந்தே நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பிக்கலாம் என்கிறேன். ஆனால் பாட்டில் பங்கு வைத்துவிட்டுப் பேசுவோம்.

எண்ணூரோடு இது நின்றுவிடவில்லை. எண்ணெய் காய்வதற்குள் 2023 டிசம்பர் 26 இரவு, அதே எண்ணூரில் ஒரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வெளியேறி, சனங்கள் நடு இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2021ல் கொழும்புக்கு அருகில் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கி, கரை முழுக்க பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. 2025 மே 25ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. அதன் குருணை நம் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தது. இரண்டு நாட்டிலும் சனங்கள் கரையில் உட்கார்ந்து மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். வாளி போய்ச் சல்லடை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நாம் கேட்க வேண்டியது இதுதான். கொட்டினவனே எடுக்க வேண்டும். எந்திரத்தால் எடுக்க வேண்டும். அந்த எந்திரம் துறைமுகத்திலும் சுத்திகரிப்பு ஆலையிலும் கொட்டுவதற்கு முன்பே தயாராக நிற்க வேண்டும். வெறுங்கையால் எண்ணெய் அள்ள ஆளை இறக்குவதை, பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதற்குச் சமமான குற்றமாக்க வேண்டும். ‘அவர்களே விரும்பி வந்தார்கள்’ என்ற பேச்சு செல்லாது. பசிக்கிறவன் விரும்பி வருவான். என் தாத்தாவும் ‘விரும்பித்தான்’ வந்தார் என்று பங்களாக்காரர்கள் சொன்னார்கள். அள்ளின ஒவ்வொருத்தர் பேரும் பதிவாக வேண்டும், வருசாவருசம் அவர்கள் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். நிவாரணக் கணக்கில் படகோடு கையும் ஏற வேண்டும்: சேற்றில் தடவுகிறவர், கூடை சுமக்கிறவர், இருளர், தலித், பெண் என்று தனித்தனி வரியாக. இயற்கை ஆர்வலர்கள் அடுத்த கூட்டத்தில் வாளிப் படத்தைக் காட்டினால், கொட்டினவன் பேரையும் அதே படத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

அன்றைக்கு விடுதியில் கூட்டம் முடிந்தது. எல்லாரும் டால்பின் மூக்கைப் பார்க்கப் போனார்கள். டீ கொடுத்த பையன்கள் இரண்டு பேரும் காகிதக் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து பொறுக்கினேன். அதில் சின்னவன், எங்கள் தெருப் பையன், மெதுவாகக் கேட்டான்: “அண்ணே, அந்தப் படத்துல எண்ணெய்க்குள்ள நின்னாரே ஒரு ஆளு. அவரு இப்ப நல்லாருக்காரா?”

அவ்வளவு பேர் கை தட்டிய அந்தக் கூடத்தில் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்று கேள்வி கேட்ட நானும் அதைக் கேட்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் இனி எங்கே அந்தப் படத்தைப் பார்த்தாலும், முதலில் அதைக் கேளுங்கள்.